உருகாது சுடும் உருகி

மோட்டார் வண்டியின் மின்சார உறுப்புக்களுள் மிகச் சிறியதும், விலையால் மிகக் குறைந்ததும், வண்டிக்கு உடையவரால் பெரும்பாலும் ஒருமுறையேனும் நோக்கப்படாததுமாகிய பியூஸ் என்னும் பொருளைப் பற்றிச் சில செய்திகளை இங்கு எழுதப் புகுகின்றோம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர்க்கும் பியூசுக்கும் என்ன உறவு என்று பௌதிக வகுப்பு நண்பர்கள் நகைக்கக்கூடும். உறவு நேர்ந்த வரலாறு பின்வருமாறு.

சென்ற தை மாதத்தில் யாம் ஐவர், நண்பரொருவருடைய தந்தையாரின் பழைய சிறு காரில், உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களைக் கண்டுவரச் சென்றோம். முதற் பராந்தக சோழன் காலத்தனவாய், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுக்கள் குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறுவன என்பது நம் கல்லூரியில் யாவரும் அறிந்ததே. அவற்றைப் படித்தபின், அருகிலுள்ள திருப்புலிவனத்துக்குச் சென்று, வியாக்கிரபுரீசுவரர் கோயிற் சுவர்களிலுள்ள எழுத்துக்களையும் பார்த்துக்கொண்டு நின்றோம். பொழுது போனதே தெரியவில்லை. இருள் சூழ்ந்தபின் புறப்பட்டு ஒரு கல் தொலைவுகூடச் செல்லவில்லை. முகப்பு விளக்குகள் மங்கின. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் காலடியிலிருந்து எழுந்தது. நண்பர் வண்டியை ஓரமாக நிறுத்தி, விளக்கை அணைத்து, எஞ்சினையும் நிறுத்தினார்.

கைவிளக்கின் ஒளியில் பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தோம். முகப்பு விளக்குக்குரிய 15 ஆம்பியர் பியூஸ் நீல நிறத்தது. அதன் உடல் ஒரு பக்கம் இளகிச் சாய்ந்து, பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வியப்பு என்னவெனில், உள்ளே உருகவேண்டிய தகடு சிறிதும் அறாமல் வளைந்தபடியே இருந்ததுதான். காவலன் விழித்திருக்கவே வீடு எரிந்த கதையாயிற்று.

தமிழிற் பியூசுக்கு உருகி என்று பெயர் வழங்குகின்றது. ‘உருகு’ என்னும் பகுதியோடு இகர விகுதி சேர்ந்து ‘உருகுவது’ என்னும் பொருளைத் தரும் பெயராகின்றது. அதே வடிவம் முடிக்கும் சொல்லை அவாவி நிற்கும் வினையெச்சமாகவும் அமைகின்றது. எங்கள் கையிலிருந்த உருகியோ பெயருக்கேற்ற வினையைச் செய்யாமல், உருகக்கூடாத தன் உடலை உருக்கிக்கொண்டிருந்தது. இஃது ஏன் என்பதே எம் கேள்வி.

முதலில் உருகியின் தொழிலை அறிதல் நன்று. மான்செஸ்டர் நகரையடுத்து மதுவடிக்கும் தொழில் நடத்திய குடும்பத்திற் பிறந்த ஜேம்ஸ் ஜூல் என்பார், கம்பியில் மின்சாரம் ஓடும்போது பிறக்கும் வெப்பத்தை அளந்து 1841-இல் வெளியிட்டார். ஓட்டத்தை அதே ஓட்டத்தாற் பெருக்கி, அதனை மீண்டும் தடையாற் பெருக்கினால் வெப்பத்தின் அளவு கிடைக்கும் என்பது அவர் கண்ட விதி. ஆதலின் ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இவ்விதியையே காவலாக்கி, அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால் தானே உருகி வழியை அறுக்கும் சிறு கம்பியை விளக்குச் சுற்றுக்களில் வைக்கும் முறைக்கு எடிசன் 1880-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க உரிமைப் பத்திரம் பெற்றார். இன்றைய கார்களில் இரண்டு தட்டைக் கால்களோடு கூடிய பியூஸ்கள் உள்ளன. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என்று நிறத்தாலேயே அளவு புலப்படும்.

இங்கே ஒரு பிழையான எண்ணத்தைக் களைதல் வேண்டும். பியூஸ் விளக்கைக் காப்பதற்காக வைக்கப்பட்டது என்று பலர் கருதுகின்றனர். அஃது உண்மையிற் காப்பது கம்பியையே. கம்பியின் பருமன் எவ்வளவு ஓட்டத்தைத் தாங்குமோ, அதனை நோக்கியே பியூஸின் அளவு குறிக்கப்படுகின்றது. ஆதலின் பெரிய பியூஸை இடுவோர் விளக்குக்கு வலிமை தருவதாக நினைத்துக் கம்பியின் காவலை நீக்குகின்றனர். எங்களுள் ஒருவர், “மஞ்சள் பியூஸ் ஒன்று கூடுதலாக இருக்கிறதே, அதனைப் போட்டு ஊர்போய்ச் சேர்வோம்” என்றார். நற்காலமாக, வண்டி ஓட்டிய நண்பர் இசையவில்லை. உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கார் எலெக்ட்ரீசியனை அழைத்துவரும்வரை காத்திருந்தோம்.

வந்தவர் ஐம்பது வயதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். பியூஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, நடுவிலே கருகவில்லை பார், காலிலே கருகியிருக்கிறது” என்றார். எமக்கு விளங்கவில்லை. அவர் கூறியதையும், பின்னர்க் கல்லூரிக்கு மீண்டபின் யாம் நூல்களிற் படித்ததையும் சேர்த்து எழுதுகின்றோம்.

பியூஸ் ஒன்று கெடும் வகை மூன்று. கம்பியின் உறை தேய்ந்தோ எலியாற் கடியுண்டோ வண்டியின் இரும்புடலைத் தொட்டால், தடையின்றி மின்சாரம் பாயும். தகடு ஒரு நொடிக்குள் அறும். கண்ணாடி போன்ற உடலினுள்ளே கரும்புகை படிந்திருக்கும். இதனை அறிவது எளிது. பியூஸ் இருந்த இடத்தில் ஒரு சோதனை விளக்கை இணைத்தால் அது முழு ஒளியோடு எரியும். அச்சுற்றிலுள்ள இணைப்புக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிவரும்போது எதனைக் கழற்றியதும் விளக்கு அணைகின்றதோ அப்பகுதியிற் குற்றம் உள்ளது. கிராமங்களில் நெற்களத்தருகே நிறுத்தப்படும் வண்டிகளுக்கு இக்குற்றம் புதிதன்று.

இரண்டாவது, மெல்லெனக் கூடும் சுமை. காற்றாடி மோட்டாரின் தாங்கி உலர்ந்து இறுகினாலும், தூசி அடைத்தாலும், அது வழக்கத்தினும் மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். விளக்குக்களை மாற்றி 100 வாட் பல்பு இடுவோரும் இவ்வகையினரே. இவ்விடத்தில் அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 20 ஆம்பியர் என்று குறித்த பியூஸ் 20-ஐக் கடந்த உடனே அறும் என்பது தவறு. 22 ஆம்பியர் ஓடினால் 100 மணி நேரமேனும் அறாமல் நிற்கவேண்டும் என்பது இவ்வகைப் பியூஸ்களுக்கு வகுத்த அளவுமுறை. 27 ஆம்பியரில் 10 நிமிடத்துக்குள் அறும்; 40 ஆம்பியரில் 5 நொடிக்குள் அறும். ஆகவே அளவுக்குச் சற்றே மேற்பட்ட சுமை பியூஸை அறுக்காமல் நாட்கணக்காகச் சுடவைத்துக்கொண்டிருக்கும். இதனாற்றான் நல்ல அமைப்பாளர், குறித்த அளவில் முக்காற் பங்கினும் மிகாத ஓட்டத்தையே ஒரு பியூஸின் மேல் ஏற்றுகின்றனர். இவ்வகையில் தகட்டின் நடுப்பகுதியே மிகுதியாகச் சுடும். நிறம் மாறுவதும் அங்கேதான்.

மூன்றாவது வகையே எங்கள் வண்டிக்கு நேர்ந்தது. ஓட்டம் அளவோடு உள்ளது. தகடு குளிர்ந்தே உள்ளது. ஆயினும் பியூஸின் காலைப் பற்றும் பித்தளைப் பிடி தளர்ந்துவிட்டது. இரண்டு உலோகங்கள் இறுகத் தொடவேண்டிய இடத்தில் ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டுமே தொடுகின்றன. ஓட்டம் முழுதும் அப்புள்ளிகளின் வழியே நெருங்கிச் செல்வதால் அங்கே தடை மிகுந்து வெப்பம் பிறக்கின்றது. வெப்பத்தால் பிடியின் வில்விசை மேலும் தளரும், உலோகத்தின்மேற் களிம்பு ஏறும், தடை மேலும் கூடும், வெப்பமும் கூடும். நோயே நோயை வளர்க்கும் நிலை இது.

சரி, பிடி இவ்வளவு சுடும்போது உருகி ஏன் உருகவில்லை? இவ்வகைப் பியூஸ்களின் தகடு பெரும்பாலும் துத்தநாகத்தால் ஆயது. துத்தநாகம் உருகுவதற்கு ஏறத்தாழ 420 பாகை வெப்பம் வேண்டும். அதன் உடலாகவும் பெட்டியாகவும் அமையும் நைலான் இனத்துப் பிளாஸ்டிக்கோ 260 பாகைக்குள் உருகிவிடும். அதற்கு முன்பே இளகும். ஆகவே காலிற் பிறந்த வெப்பம் தகட்டை அறுக்கும் முன்னர்ப் பெட்டியை அழித்துவிடுகின்றது. அன்றியும், தளர்ந்த பிடி ஒரு தடையாதலின் சுற்றில் ஓடும் மின்சாரத்தைச் சிறிது குறைக்கவே செய்யும். மிகுந்த ஓட்டத்தை நோக்கிக் காத்திருக்கும் பியூஸ், குறைந்த ஓட்டத்தைக் கண்டு எங்ஙனம் அறும்? எவ்வளவு பெரிய தீ மூண்டாலும் அதன் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். இவ்வொரு செய்தியை அறிந்திருந்தால், மஞ்சள் பியூஸை எடுத்த எம் தோழர் அதனைத் தொட்டிருக்கவே மாட்டார்.

திருப்புலிவனத்துத் தலபுராணத்தில் வரும் முனிவர், பூப்பறிக்க மரமேறுவதற்குப் புலியின் காலை வேண்டிப் பெற்ற புலிக்கால் முனிவர். எங்கள் வண்டிக்கும் குற்றம் காலிலேயே இருந்தது என்று ஒருவர் அந்த இருளிற் சொல்ல, எலெக்ட்ரீசியன் மட்டும் சிரிக்கவில்லை, மீட்டரை எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் செய்த சோதனையே இக்கட்டுரையின் உயிர்நிலை. பழைய பியூஸைக் கவனமாகப் பிடுங்கி, அதே அளவுள்ள புதிய நீலப் பியூஸை இட்டு, எஞ்சினை இயக்காமல் விளக்கை மட்டும் எரியவிட்டார். கம்பியைச் சூழப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டரால் ஓட்டத்தை அளந்தார்: 9 ஆம்பியர். 55 வாட் பல்பு இரண்டுக்கு 12 வோல்டில் இவ்வளவே வரவேண்டும். ஆகவே சுமை மிகுதியில்லை என்பது முதற்கண் துணியப்பட்டது. பின்னர் மல்ட்டிமீட்டரின் இரு முனைகளையும் கொண்டு, விளக்கு எரியும்போதே, சுற்றின் ஒவ்வொரு துண்டிலும் எத்தனை வோல்ட் வீழ்கின்றது என்று பார்த்தார். பியூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். அவை இதற்கென்றே விடப்பட்டவை என்பதை அன்றுதான் அறிந்தோம். அவ்விரண்டுக்கும் இடையே 0.05 வோல்ட். இது தகட்டுக்கு இயல்பு. பெட்டியின் பின்புறம் மின்சாரம் வந்து சேரும் பிடிக்கும், பியூஸின் அந்தப் பக்கத்துப் புள்ளிக்கும் இடையே 0.6 வோல்ட். தலையை அசைத்தார். மற்றைக் கம்பி, சுவிட்சு, தரையிணைப்பு யாவும் சேர்ந்து 0.35. பல்பின் இரு முனைகளுக்கிடையே 11.2. பாட்டரியில் அப்போது இருந்தது 12.2.

கூட்டிப் பாருங்கள், கணக்கு நேராகும். அன்று பகலில் யாம் படித்த கல்வெட்டில், வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தார் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர் என்று ஒரு விதி கண்டோம். ஊர்ப் பணியாளரிடம் சோழர் காலத்துச் சபையார் கேட்ட அக்கணக்கையே பாட்டரி தந்த ஒவ்வொரு வோல்டைப் பற்றியும் இவர் கேட்டார். காணாமற்போன 0.6 வோல்ட் பிடிபட்டது.

0.6 வோல்ட் சிறிதெனத் தோன்றும். அதனை 9 ஆம்பியராற் பெருக்கினால் 5.4 வாட். காரின் எண்பலகையை விளக்கும் சிறு பல்பு 5 வாட் அளவினது. சிறிது நேரம் எரிந்தபின் அதனை விரலாற் பற்ற இயலாது. அத்தகைய பல்பொன்று, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளே, ஒரு நெற்பருக்கை அளவான இடத்தில், மணிக்கணக்காக எரிந்துகொண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். விளக்கு மங்கியதற்கும் இதுவே காரணம். இவ்வகைப் பல்பில் அழுத்தம் நூற்றுக்கு 5 குறையின் ஒளி நூற்றுக்கு 15-க்கு மேற் குறைந்துவிடும். முகப்பு விளக்கு சில மாதங்களாகவே மங்கலாக இருந்ததென்றும், கண்ணாடி பழையதாயிற்று என்று எண்ணிவிட்டதாகவும் நண்பர் அப்போதுதான் ஒப்புக்கொண்டார்.

பிடி ஏன் தளர்ந்தது? பெட்டியைக் கழற்றியபோது அதுவும் தெரிந்தது. பாட்டுப் பெட்டி ஒன்றுக்கு மின்சாரம் எடுக்க, முன்பொரு பட்டறையில் யாரோ ஒருவர், உறை நீக்கிய கம்பியைப் பியூஸின் காலோடு சேர்த்துப் பிடிக்குள் திணித்திருக்கின்றார். பின்னர்ப் பாட்டுப் பெட்டி நீக்கப்பட்டது; கம்பியும் உருவப்பட்டது; விரிந்த பிடி மட்டும் விரிந்தபடியே நின்றது. ஐந்து நிமிட வேலையை மிச்சம் பிடித்ததன் பயன் இது. அம்மனிதர்மேற் சினம் கொள்ளுவதா, அவரிடம் ‘சீக்கிரம் முடியுங்கள்’ என்று நின்றிருக்கக்கூடிய எங்களைப் போன்றோர்மேற் கொள்ளுவதா என்று தெரியவில்லை.

இத்தகைய குற்றம் பழைய வண்டிகளுக்கே உரியது என்று கருதற்க. 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் டொயோட்டா கம்பெனியார் உலகெங்கும் 74 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தனர். காரணம், ஓட்டுநர் பக்கத்துக் கதவிலுள்ள கண்ணாடிச் சுவிட்சில் மசகு சீராகப் பூசப்படாமையே. தொடுமுனைகள் சரிவரப் பொருந்தாமற் சுட்டு, சுவிட்சு உருகிப் புகையக்கூடும் என்று அஞ்சினர். அங்கும் நோய் தொடுமுனையிலேயே இருந்தது. நம் நாட்டில், 2009-இல் விற்பனைக்கு வந்த டாட்டா நானோ வண்டிகளுட் சில 2010-இற் தீப்பற்றின. ஆராய்ந்த அக்கம்பெனியார், வடிவமைப்பிற் குறையில்லை என்றும், புறம்பான மின்கருவிகளை இணைத்தமையும் புகைபோக்கியின்மேல் வேறு பொருள் கிடந்தமையும் காரணங்கள் என்றும் கூறினர். எனினும் அவ்வாண்டு நவம்பரில், புகைபோக்கிக்கும் மின்சார அமைப்புக்கும் கூடுதற் காப்பை விலையின்றிப் பொருத்தித் தர முன்வந்தனர். குறையில்லை என்றோர் காப்பைக் கூட்டியது ஏன் என்று வினவுவோரும் உளர். எமக்கோ அது செய்யத்தக்க செயலாகவே தோன்றுகின்றது. விற்றபின் வாங்குவோர் கம்பியைத் திணிப்பர் என்பதையும் எண்ணி அமைப்பதன்றோ அமைப்பு!

இனிச் சிகிச்சை. கருகிய பிடியில் புதிய பியூஸை இட்டுப் போவது பயனற்றது. வெப்பமேறிய பித்தளை தன் வில்விசையை இழந்துவிட்டது, மீண்டும் இறுக்கினாலும் நில்லாது. எலெக்ட்ரீசியன் முதலிற் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றினார். இதனைச் செய்யாமற் பெட்டிக்குள் இடுக்கியை நுழைப்பவர் தம் கையாலேயே முதல்வகைக் குற்றத்தை உண்டாக்குவர். பின்னர்ப் பழைய பிடியை உருவி, கருகிக் கறுத்த கம்பியை நல்ல செம்பு நிறம் தோன்றுமளவும் வெட்டி நீக்கி, புதிய பிடியை நசுக்கிப் பொருத்தினார். பெட்டியில் அந்த அறை இளகிப்போனமையால், தனியான பியூஸ் கூடு ஒன்றை அருகே கட்டி, அதனுள் அப்பிடியை அமைத்தார். பியூஸின் அளவு 15-ஆகவே இருந்தது. வெள்ளித்தாளைச் சுற்றுவதையும் செம்புக் கம்பியை முறுக்கி வைப்பதையும் பற்றி யாம் வினவினோம். அவர் மறுமொழி கூறாமல், தம் பையிலிருந்து கருகிய கம்பிக் கற்றை ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டு மீண்டும் பையில் இட்டுக்கொண்டார். மலிந்த விலையில் விற்கும் மெல்லிய காலுடைய பியூஸ்களையும் வாங்காதீர்கள் என்றார். அவை பிடிக்குள் ஆடும்.

மாணவ நண்பர்களுட் கார் உடையோர் சிலரே; ஆயினும் பேருந்து, டிராக்டர், இருசக்கர வண்டி யாவற்றிலும் உருகி உண்டு. விளக்கு மங்குதல், பிளாஸ்டிக் நாற்றம், பியூஸின் தலையைத் தொட்டால் விரலை எடுக்கவேண்டிய சூடு ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும், பியூஸ் அறவில்லையே என்று அமைதி கொள்ளல் ஆகாது. முதலில் ஓட்டத்தை அளக்கவேண்டும்; அது பியூஸின் அளவுக்கு உட்பட்டிருந்தால், காலிலும் பிடியிலும் வீழும் வோல்டை அளக்கவேண்டும். பத்தில் ஒரு வோல்டுக்கு மேல் அங்கே வீழுமாயின் பிடியை மாற்றாமல் இரவிற் புறப்படுதல் கூடாது என்பது அவர் எமக்குச் சொன்ன எல்லை.

பழுது நீங்கியபின் மீண்டும் அளந்தார். 0.6 இருந்த இடத்தில் 0.03 காட்டியது. அரைமணி நேரம் விளக்கை எரியவிட்டு, பியூஸின் தலையில் எங்கள் ஒவ்வொருவரையும் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார்; வெதுவெதுப்பு மட்டுமே இருந்தது. கூலியாக அவர் கேட்ட தொகை நாங்கள் அன்று சிற்றுண்டிக்குச் செலவிட்டதினுங் குறைவு. காஞ்சிபுரம் சேர்ந்தபோது இரவு பத்தரை மணி. ஒரு திங்கள் கழித்து, பௌதிகச் சாலையில் இரவல் வாங்கிய மீட்டரைக் கொண்டு யாமே அவ்வண்டியை மறுபடி அளந்தோம், 0.03 மாறாதிருந்தது.